நெடுஞ்சாலையிலும் எக்ஸ்பிரஸ்வேயிலும் சைக்கிள் ஓட்டலாமா? சட்டம் தெரிந்து பயணம் போக ஒரு முழுமையான வழிகாட்டி

நெடுஞ்சாலை என்று பொதுவாகச் சொல்கிற சாலைகளில் பெரும்பாலானவற்றில் சைக்கிள் ஓட்டச் சட்டத்தில் தடை கிடையாது. அதே நெடுஞ்சாலை ஓர் இடத்தில் எக்ஸ்பிரஸ்வேயாகவோ ஃப்ரீவேயாகவோ மாறும்போது, பெரும்பாலான நாடுகளில் சைக்கிளின் உரிமை அங்கேயே நின்றுவிடுகிறது. சில நாடுகளில் நிற்பதில்லை. எல்லாக் குழப்பமும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கியிருக்கிறது.

குழப்பத்தால் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. மொபைல் காட்டிய வழியை நம்பி, சைக்கிளுக்கு மூடிய சாலையில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்து, "இது உங்களுக்கான ரோடு இல்லை" என்று கத்தியதும், முழு உரிமையுள்ள சாலையை விட்டு இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. முதல் தவறு உயிருக்கே ஆபத்து. இரண்டாவது தவறு சத்தமில்லாமல் நடப்பது. ஆனால் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போகப் போக, அந்தச் சாலை நடைமுறையில் கார்களுக்கு மட்டும் ஆகிவிடுகிறது. இரண்டையும் தவிர்க்கச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எதிரே இருப்பது எந்த வகைச் சாலை என்று பாருங்கள்

சாலையின் பெயரையும் எண்ணையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை வழித்தடம், எவ்வளவு வேகம் என்பதும் விடை தராது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சாலைக்குள் வண்டிகள் எப்படி நுழைகின்றன?

பக்கத்துத் தெரு நேராக வந்து சேர்கிறதா, வீட்டு வாசலும் கடை வாசலும் சாலையைப் பார்த்துத் திறக்கின்றனவா, சிக்னலும் குறுக்குச் சந்திப்பும் இருக்கின்றனவா? அப்படியானால் அது சாதாரண நெடுஞ்சாலை. ஆறு வழிச் சாலையாக இருந்தாலும், லாரிகள் சீறிப் பாய்ந்தாலும் சாதாரண நெடுஞ்சாலைதான். தனியாகத் தடைப் பலகை வைக்காதவரை சைக்கிள் போகலாம்.

மாறாக, குறுக்கே எந்தச் சாலையும் வெட்டாமல் எல்லாம் மேம்பாலமாகவோ சுரங்கப் பாதையாகவோ கடந்து போகிறதா? உள்ளே வரவும் வெளியே போகவும் வளைந்து ஏறி இறங்கும் ராம்ப் மட்டும்தான் வழியா? இருபுறமும் வேலி இருக்கிறதா? இது நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை. மோட்டார்வே, ஃப்ரீவே, ஆட்டோபான், ஆட்டோரூட், எக்ஸ்பிரஸ்வே என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் அமைப்பு இதுதான். சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி இங்கேதான் உண்மையில் எழுகிறது.

ஒரே எண்ணுள்ள சாலை நடுவழியில் வகை மாறுவதைக் கட்டாயம் கவனியுங்கள். இங்கிலாந்தின் ஏ1 சாலை பல இடங்களில் சாதாரண இரட்டைச் சாலை, சைக்கிள் ஓட்டலாம். அதுவே எண்ணுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எம்' எழுத்து சேர்ந்த பகுதியாகும்போது மோட்டார்வே; ஓட்டக் கூடாது. சில மைல் கழித்து மறுபடி சாதாரணச் சாலையாகிவிடும். கலிபோர்னியாவின் யு.எஸ். 101 சாலையும் இப்படித்தான்: சில ஊர்களில் கடைத்தெருவாக ஓடும், சில இடங்களில் ஃப்ரீவேயாக மாறும். "அந்த ரோட்டில் சைக்கிள் போகலாமா?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சைக்கிளுக்கு இந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்றைய விதிகளின் தர்க்கம் அதில்தான் இருக்கிறது. 1879இல் டெய்லர் எதிர் குட்வின் என்ற இங்கிலாந்து வழக்கில், கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் சட்டத்தின்படி சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று நீதிமன்றம் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தண்டிக்க வந்த தீர்ப்பு அது. ஆனாலும் சைக்கிள் 'வண்டி' என்ற இடத்தைச் சட்டத்தில் பிடிக்க அது உதவியது. 1888இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு சைக்கிள்களை வண்டிகள் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. குதிரை வண்டிக்கு என்ன கடமையோ அது சைக்கிளுக்கும்; என்ன உரிமையோ அதுவும். காருக்கு முன்பே சைக்கிள் சாலையில் சட்டப்படி இடம் பெற்றுவிட்டது. பின்னால் வந்து ஹாரன் அடிப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்; ஓட்டுகிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு 1949இல் பிரிட்டன் 'சிறப்புச் சாலைகள் சட்டம்' கொண்டுவந்தது. குறிப்பிட்ட வகை வண்டிகள் மட்டுமே போகக்கூடிய சாலைகளைக் கட்டச் சட்டம் இடம் கொடுத்தது அப்போதுதான். 1958 டிசம்பரில் திறந்த பிரஸ்டன் புறவழிச்சாலை அந்நாட்டின் முதல் மோட்டார்வே. இரண்டு சட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சாதாரணச் சாலையில் எல்லோரும் போகலாம், யாரைத் தடுக்கிறோம் என்று அரசு சொல்ல வேண்டும். சிறப்புச் சாலையில் யாரும் போக முடியாது, யாரை அனுமதிக்கிறோம் என்று அரசு சொல்ல வேண்டும். எந்த நாட்டுக்குப் போனாலும் நீங்கள் தேட வேண்டியது, உங்கள் எதிரே உள்ள சாலை இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத்தான்.

படி 2: அந்த நாட்டின், அந்த மாநிலத்தின் அடிப்படை விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 25ஆம் உறுப்பு, மோட்டார்வேக்களில் பாதசாரிகள், விலங்குகள், சைக்கிள்கள், மோட்டார் சைக்கிளாகக் கருதப்படாத மொபெட்கள் ஆகியவற்றைத் தடை செய்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் இதுதான் நிலை. ஜெர்மனியில் ஆட்டோபானில் ஏற வேண்டுமானால், வண்டி அதன் வடிவமைப்புப்படியே மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் போகக்கூடிய மோட்டார் வாகனமாக இருக்க வேண்டும். மணிக்கு 45 கி.மீ. வரை மோட்டார் துணை செய்யும் அதிவேக மின்சைக்கிளுக்குக்கூட அங்கே இடமில்லை. பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் எங்கும் மோட்டார்வே வகைச் சாலை முழுக்க மூடியதுதான். ஷோல்டரில் (வழித்தடங்களுக்கு வெளியே உள்ள சாலை ஓரப் பட்டையில்) போகிறேன், அதிகாலையில் போகிறேன் என்றெல்லாம் விதிவிலக்குத் தேட வேண்டாம்.

ஜப்பானின் அதிவேகச் சாலைகளிலும் சிங்கப்பூரின் எக்ஸ்பிரஸ்வேக்களிலும் சைக்கிளுக்குத் தடை. நியூசிலாந்தின் மோட்டார்வேக்களும் அப்படியே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 400 வரிசை எண்ணுள்ள நெடுஞ்சாலைகள் சைக்கிளுக்கு மூடியவை. அதே மாகாணத்தின் வடக்கே டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை 17ஆம் எண்ணோடு இருவழிச் சாலையாக ஓடுகிறது. நாட்டைக் குறுக்காகக் கடக்கும் சைக்கிள் பயணிகள் அதில்தான் போகிறார்கள்.

இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலை என்பதாலேயே ஒரு சாலையில் சைக்கிளுக்குத் தடை வந்துவிடாது. தடை வருவது நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட எக்ஸ்பிரஸ்வேக்களில். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வாகனங்களுக்கே இடமில்லை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட மைய வழித்தடங்களில் பைக், ஆட்டோ, டிராக்டர், மோட்டார் இல்லாத வண்டிகள் ஆகியவை 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு இருபுறமும் உள்ள சர்வீஸ் ரோடு. எண் ஒன்று, ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்று. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் உரிமை உண்டு, அந்தப் பக்கம் இல்லை. இலங்கையின் எக்ஸ்பிரஸ்வேக்களிலும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி எதுவும் நுழைய முடியாது.

இனி மறுபக்கம். அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் 'இன்டர்ஸ்டேட்' ஃப்ரீவேக்களில் சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்கும் ஒரே தேசியச் சட்டம் எதுவும் இல்லை. முடிவு மாநிலங்களின் கையில். மக்கள் நெருக்கமான கிழக்கு மாநிலங்கள் பெரும்பாலும் மூடிவைத்திருக்கின்றன. மேற்கே போகப் போக நிலைமை மாறுகிறது. வயோமிங், மொன்டானா மாநிலங்களில் இன்டர்ஸ்டேட் ஷோல்டரில் ஓட்டலாம். ஆரிசோனாவில் பெருநகரப் பகுதிகள் நீங்கலாகப் பெரும்பாலும் திறந்திருக்கிறது. ஆரிகனில் போர்ட்லாந்து, மெட்ஃபோர்டு நகரங்களையொட்டிய சில பகுதிகளைத் தவிர ஃப்ரீவேக்கள் சைக்கிளுக்குத் திறந்தவை. காரணம் எளிது: மலைக்கும் பாலைவனத்துக்கும் நடுவே இரண்டு ஊரை இணைக்க அந்த ஒரு சாலைதான் இருக்கிறது. பழைய சாலையின் மேலேயே ஃப்ரீவேயைக் கட்டிவிட்டு சைக்கிளையும் தடுத்தால், சைக்கிளில் அந்த ஊருக்குப் போகவே வழி இருக்காது. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் புகழ்பெற்ற டிரான்ஸ்அமெரிக்கா சைக்கிள் பாதைகூட வயோமிங்கில் சிறிது தூரம் ஐ-80 இன்டர்ஸ்டேட்டின் ஷோல்டரில்தான் போகிறது.

கலிபோர்னியாவின் விதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவற்றில் தெளிவாக எழுதப்பட்ட விதி அது. வாகனச் சட்டத்தின் 21960ஆம் பிரிவு, ஃப்ரீவேயிலும் எக்ஸ்பிரஸ்வேயிலும் சைக்கிளைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் உள்ளாட்சிகளுக்கும் தருகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: சாலையிலும் அதற்கு ஏறும் வழிகளிலும் அறிவிப்புப் பலகை வைத்த பிறகுதான் தடை செல்லும். ஏறும் ராம்பில் பலகை இல்லையென்றால் சாலை திறந்திருக்கிறது என்று பொருள். அம்மாநிலத்தின் 4,000 மைலுக்கு மேற்பட்ட ஃப்ரீவேக்களில் ஏறக்குறைய 1,000 மைல் சைக்கிளுக்குத் திறந்தது என்று அந்தத் துறையே சொல்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதே போக்கில் போகிறது. பலகை தடுக்காதவரை மோட்டார்வே ஷோல்டரில் சைக்கிள் ஓட்டலாம்; சிட்னிக்கும் நியூகாஸிலுக்கும் இடையிலான எம்1 மோட்டார்வேயில் அப்படிப் போகிறவர்களைப் பார்க்கலாம். பக்கத்து மாநிலத்தில் இதே விதி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லை தாண்டினால் விதி மாறும்.

ஆக, தேட வேண்டிய கேள்வி இது: "இங்கே நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை, பலகை இருந்தால் மட்டும் மூடியதா, பலகை இல்லாவிட்டாலும் மூடியதா?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதிப் பாதி வேலை கண்ணால் பார்ப்பதுதான். பதிலை அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலோ சாலை விதிப் புத்தகத்திலோ எடுங்கள். நண்பர் ஒருவர் ஒருமுறை போய்விட்டு வந்தார் என்பது சட்டம் ஆகாது.

படி 3: பலகைகளைச் சரியாகப் படியுங்கள்

வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்பு சைக்கிள்: சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பல நாடுகளில் இந்தப் பலகையில் குறுக்குக் கோடு இருக்காது. கோடு இல்லாததால் "சைக்கிள் போகலாம்" என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. சிவப்பு வளையமே தடைதான், கோட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். வட அமெரிக்காவில் குறுக்குக் கோட்டோடு இருக்கும். கூடவே ராம்ப் வாயிலில் பாதசாரி, சைக்கிள், சிறு மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத்தில் ஒரு தடைப் பலகையும் இருக்கலாம்.

நீலம் அல்லது பச்சைப் பின்னணியில், இரட்டைச் சாலையின் மேல் ஒரு பாலம் குறுக்கே போவது போன்ற சதுரப் பலகை மோட்டார்வே தொடங்குவதைச் சொல்கிறது. அதில் சைக்கிள் படமே இருக்காது, ஆனாலும் ஐரோப்பாவில் அது சைக்கிளுக்கு மூடிய கதவு. இதே போல, நீலப் பின்னணியில் முன்பக்கம் தெரியும் வெள்ளைக் கார் மட்டும் உள்ள பலகை. மோட்டார்வே இல்லை, ஆனால் மோட்டார்வே விதிகள் பொருந்தும் சாலை என்று அர்த்தம். பார்க்கச் சாதாரண நெடுஞ்சாலை போலவே இருக்கும் என்பதால், வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

நீல வட்டத்துக்குள் வெள்ளை சைக்கிள் என்றால் சைக்கிள் பாதை. ஜெர்மனி போன்ற நாடுகளில் அந்தப் பலகை இருந்தால் பக்கத்துச் சாலையை விட்டுவிட்டு அந்தப் பாதையில்தான் போக வேண்டும். பிரிட்டனில் அப்படிக் கட்டாயம் இல்லை.

திறந்த ஃப்ரீவேயில் ஓட்டும்போது எதிர்பார்க்க வேண்டிய இன்னொரு பலகை, சைக்கிள்கள் அடுத்த வெளிவழியில் இறங்கிவிட வேண்டும் என்பது. நகரம் நெருங்கும் இடங்களில் வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த சில மைல் தடைசெய்த சாலையில் இருப்பீர்கள். பாலங்களும் சுரங்கங்களும் தனி: முழுச் சாலையும் திறந்திருந்தாலும் அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் மூடியிருக்கலாம்.

படி 4: வழியைக் கிளம்பும் முன்பே சரிபாருங்கள்

மொபைலில் வழி பார்க்கும்போது 'சைக்கிள்' என்று மாற்றிக்கொண்டீர்களா என்று முதலில் பாருங்கள். காருக்கான வழியைத் தவறுதலாகப் பின்பற்றி மோட்டார்வேயில் ஏறுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடங்களில் ஒவ்வொரு துண்டுச் சாலைக்கும் சைக்கிள் போகலாமா என்ற குறிப்பு சேர்க்க முடியும். ஆனால் அதை எழுதியவர் ஒரு தன்னார்வலர், நீதிபதி கிடையாது. ஆரிகன், வாஷிங்டன், ஆரிசோனா போன்ற மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகள் சைக்கிளுக்கென்றே வரைபடம் வெளியிடுகின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட அதை நம்புங்கள்.

அடுத்து, வழியிலுள்ள ஒவ்வொரு ராம்பையும் இணைய வரைபடத்தின் தெருப்படக் காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) பாருங்கள். பலகை தெரியும், ஷோல்டரின் அகலம் தெரியும். அது எப்போது எடுத்த படம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை பிறகு வந்திருக்கலாம்.

மாற்று வழி இருக்கிறதா என்பதையும் இங்கேயே தீர்மானியுங்கள். ஃப்ரீவேயை ஒட்டிப் பழைய நெடுஞ்சாலை ஓடுகிறதா? சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருக்கிறதா, பாலம் வரும் இடத்தில் அறுந்துபோகிறதா? பழைய சாலை பத்துக் கிலோமீட்டர் சுற்றானாலும் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. ஷோல்டரே இல்லாத, வளைவும் மேடுமான இருவழிச் சாலையைவிட, மூன்று மீட்டர் ஷோல்டரும் நேரான பார்வையும் உள்ள திறந்த ஃப்ரீவே பாதுகாப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்க இன்டர்ஸ்டேட் தரநிலைப்படி வெளிப்பக்க ஷோல்டர் குறைந்தது 10 அடி இருக்க வேண்டும். மேற்கு மாநிலங்கள் சைக்கிளை அனுமதிக்க அந்த அகலமும் ஒரு காரணம்.

படி 5: வண்டியைத் தயார் செய்யுங்கள்

கொஞ்சம் கணக்கு. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால் இடைவெளி நொடிக்கு 25 மீட்டர் வீதம் குறைகிறது. உங்களை 200 மீட்டருக்கு முன்பே பார்த்தால் ஓட்டுநருக்கு 8 நொடி உண்டு; 100 மீட்டரில் பார்த்தால் 4 நொடிதான். அதனால் பின்விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ஒளிரும் நிறச் சட்டை, பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடி, ஹெல்மெட் இவை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் தாழ்ந்து முகத்துக்கு நேரே அடிக்கும் நேரத்தில், உங்கள் பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அதே கண்கூச்சம்தான். அந்த அரை மணி நேரம் ஓரமாக இறங்கி ஓய்வெடுங்கள்.

பஞ்சருக்குத் தயாராக இருங்கள். வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பிகள் ஷோல்டர் முழுக்கக் கிடக்கும். கண்ணுக்கே தெரியாது, டயருக்குள் மெதுவாக ஏறும். அந்தக் கம்பியைப் பிடுங்க ஒரு சிறு இடுக்கி இல்லையென்றால், மாற்றிய ட்யூபும் கொஞ்ச நேரத்தில் காற்று இறங்கும். கூடுதல் ட்யூப், பம்ப், இடுக்கி, தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீவேயில் அடுத்த வெளிவழி வரும்வரை எதுவும் கிடைக்காது.

படி 6: திறந்த ஃப்ரீவேயில் ஓட்டும் முறை

போக்குவரத்து போகும் திசையிலேயே, ஷோல்டரில், வெள்ளைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி ஓட்டுங்கள். எதிர்த்திசையில் ஒருபோதும் வேண்டாம். இருவராகப் போனாலும் ஒருவர் பின் ஒருவராக.

வெள்ளைக் கோட்டை ஒட்டி, தூங்கிவிடும் ஓட்டுநரை எழுப்புவதற்காகத் தாரில் வெட்டிய பள்ளங்கள் இருக்கும். ரம்பிள் ஸ்ட்ரிப் என்பார்கள். கார் ஏறினால் சத்தம். சைக்கிள் ஏறினால் கைப்பிடி கையில் நிற்காது. சைக்கிள் போகும் சாலைகளில் 40 முதல் 60 அடிக்கு ஒருமுறை 10, 12 அடி இடைவெளி விட்டு இதை வெட்டுவது அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் முறை. கோட்டைத் தாண்ட வேண்டி வந்தால் அந்த இடைவெளியில் தாண்டுங்கள்.

பெரிய லாரி கடக்கும்போது முதலில் காற்று உங்களை வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியை உறுதியாகப் பிடித்து நேராக இருங்கள். பக்கவாட்டுக் காற்றுள்ள நாளில் லாரி அந்தக் காற்றைச் சட்டென்று மறைத்துவிட்டுப் போகும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த உடம்பு தடுமாறும். பாலங்களில் ஷோல்டர் குறுகும், இணைப்பு இடைவெளிகள் டயரைக் கவ்வும். அவற்றைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

இனி மிக முக்கியமானது: ராம்ப். ஃப்ரீவே பயணத்தின் உண்மையான ஆபத்து நேர்ச்சாலையில் பக்கத்தில் போகும் வண்டிகளால் வருவதைவிட, உங்கள் பாதையைக் குறுக்காக வெட்டும் வண்டிகளால்தான் அதிகம். வெளியேறும் ராம்ப் வரும்போது, நேராகப் போக நினைத்து நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் மணிக்கு 110 கி.மீ. போக்குவரத்து, மறுபக்கம் வெளியே திரும்பும் போக்குவரத்து என்று இரண்டுக்கும் இடையில் நீண்ட நேரம் ஓட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. அதற்குப் பதிலாக, ராம்பின் வெளி ஓரத்தை ஒட்டியே சிறிது தூரம் போங்கள். பின்னால் வருவது தெளிவாகத் தெரியும் இடத்தில் நின்று, முழு இடைவெளி கிடைத்ததும் ராம்பைச் செங்குத்தாக, மிகக் குறுகிய தூரமாகக் கடந்து ஃப்ரீவேயின் ஓர ஷோல்டருக்கு வாருங்கள்.

உள்ளே வரும் ராம்புக்கும் இதே எண்ணம்தான். ஃப்ரீவேயின் ஓர ஷோல்டரிலேயே போய், ராம்ப் உங்களுக்கு இணையாக நெருங்கும் இடத்தில் நில்லுங்கள். உள்ளே வரும் வண்டிகளில் இடைவெளி பார்த்துச் செங்குத்தாகக் கடந்து வெளி ஓரம் சேருங்கள். நிற்பதில் வெட்கம் ஏதும் இல்லை. வேகம் கூட்டிக்கொண்டே வரும் ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்த்தபடி இருப்பார், முன்னால் இருக்கும் உங்களை அவர் பார்க்கவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்டர்சேஞ்ச் (சாலைகள் ராம்புகளால் இணையும் இடம்) எளிய அமைப்பாக இருந்து, வெளியேறும் ராம்ப் மேலே ஒரு சாலையைத் தொட்டு, எதிரே மறுபடி இறங்கும் ராம்ப் தொடங்கினால், ஏறி இறங்குவதே நல்லது. இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆனால் கடப்பது சிக்னலிலோ சந்திப்பிலோ நடக்கும். இரண்டு ஃப்ரீவேக்கள் சேரும் பல அடுக்கு இன்டர்சேஞ்சைச் சைக்கிளில் கடக்க முயலவே வேண்டாம், சட்டம் அனுமதித்தாலும்கூட. அதற்கு முந்தைய வெளிவழியில் இறங்கிவிடுங்கள்.

இரவு, மழை, பனிமூட்டம் மூன்றிலும் ஃப்ரீவே வேண்டாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

படி 7: தவறி ஏறிவிட்டால்

மூடிய சாலையில் ஏறிவிட்டதைத் தாமதமாக உணர்ந்தால், உடனே திரும்பி எதிர்த்திசையில் ஓட்டத் தோன்றும். அது இருப்பதிலேயே மோசமான முடிவு. ராம்பில் இன்னும் சில மீட்டர்தான் வந்திருந்தால் இறங்கி, தடுப்புக்கு வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பலாம். மையச் சாலைக்கே வந்துவிட்டால், ஷோல்டரின் வெளி விளிம்பில் நின்று, முடிந்தால் சைக்கிளோடு தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். அங்கிருந்து அவசர எண்ணை அழையுங்கள்; ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 112. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஓரத்தில் நிற்கும் சிறு கம்பங்களிலுள்ள அம்புக்குறி, பக்கத்து அவசரத் தொலைபேசி எந்தப் பக்கம் என்று காட்டும். சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறம் போக மட்டும் முயலாதீர்கள்.

சொல்லத் தயங்காமல் சொல்லுங்கள்: "சைக்கிளில் தவறி ஏறிவிட்டேன், வெளியே போக உதவி வேண்டும்." அபராதம் வந்தாலும் வரட்டும். மூடிய சாலையில் விபத்து நேர்ந்தால், தவறு கார்க்காரருடையது என்றாலும் நீங்கள் அங்கே இருந்ததே உங்கள் இழப்பீட்டைக் குறைக்கும் வாதமாக மாறலாம். காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுப்பது அதைத்தான்.

படி 8: காவலர் நிறுத்தினால்

திறந்த ஃப்ரீவேயிலும் நிறுத்துவார்கள், ஏனென்றால் அங்கே சைக்கிள் போகலாம் என்பது எல்லாக் காவலர்களுக்கும் தெரிந்திருக்காது. ஷோல்டரில் நின்று வாதாட வேண்டாம். விதியின் நகலையோ மாநிலச் சைக்கிள் வரைபடத்தையோ கையில் வைத்திருந்து பணிவாகக் காட்டுங்கள். இறங்கச் சொன்னால் அடுத்த வெளிவழியில் இறங்குங்கள். அபராதச் சீட்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எந்தப் பிரிவின்கீழ் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறிய ராம்பில் தடைப் பலகை இல்லையென்றால், பிறகு போய் அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்காடுவதற்கான இடம் நீதிமன்றம்.

படி 9: உங்கள் சாலையை மூடப் போகிறார்கள் என்றால்

சாதாரண நெடுஞ்சாலை விரிவாக்கப்பட்டு நுழைவு கட்டுப்படுத்தப்பட்டதாக மாறுவது பல நாடுகளில் தொடர்ந்து நடக்கிறது. தடை உத்தரவு பிறப்பிக்கும் முன் பொது அறிவிப்பு கொடுத்துக் கருத்துக் கேட்பது பல இடங்களில் நடைமுறை. இங்கிலாந்தில் போக்குவரத்து ஒழுங்கு உத்தரவுகளுக்கு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 21 நாள் தர வேண்டும். அந்த நாட்களுக்குள் எழுதுங்கள். "சைக்கிளைத் தடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, யார், எதற்காகச் சைக்கிளில் போகிறார்கள் என்று எழுதுங்கள். சாலை மூடினால் அவர்களுக்கு மாற்று வழி எத்தனை கிலோமீட்டர், அந்த வழியில் பாலம் இருக்கிறதா, மழைக்காலத்தில் போக முடியுமா என்பதையும் வரைபடத்தோடு காட்டுங்கள்.

இணைப் பாதை கேளுங்கள். கேட்டால் கிடைக்காத பொருள் அல்ல அது. சிட்னியில் 2005இல் திறந்த எம்7 மோட்டார்வேயோடு சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு நடைக்கும் சைக்கிளுக்குமான தனிப் பாதையும் சேர்த்தே கட்டப்பட்டது. ஜப்பானின் ஒனோமிச்சிக்கும் இமாபாரிக்கும் இடையே தீவுகளைத் தாண்டிப் போகும் அதிவேகச் சாலைப் பாலங்களில், கார்களின் பாதையிலிருந்து பிரித்துச் சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. சுமார் 70 கி.மீ. நீளமுள்ள அந்த வழியை ஓட்டவே வெளிநாடுகளிலிருந்து சைக்கிள்காரர்கள் வருகிறார்கள். உங்கள் மனுவில் இந்த இரண்டையும் எழுதி, சாலைத் திட்டத்தின் வரைபடம் இறுதியாகும் முன்பே கொடுத்துவிடுங்கள். வேலி போட்ட பிறகு பாதைக்கு நிலம் தேடுவது பல மடங்கு கடினம்.